வலது மணிக்கட்டின் வேலை

கிட்டாரில் பங்க் ராக் வாசிக்கப் பழக விரும்பி என்னிடம் வரும் பிள்ளைகள், மூன்று கார்டு தெரிந்தால் போதுமென்று யாரோ சொல்லக் கேட்டு, இடது கையைப் பற்றியே விசாரிப்பது வழக்கம். ஆனால் இந்தச் சங்கீதத்தின் ஜீவன் முழுவதும் வலது மணிக்கட்டில்தான் இருக்கிறதென்பது என் அனுபவம். பிக்கைக் கீழும் மேலுமாக ஓட்டினால் பாதிப் பிரயாசையில் அதே வேகம் கிட்டும். எனினும் ஒவ்வோர் அடியும் ஒரே கனத்தோடு விழவேண்டுமானால், மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே அடிக்கவேண்டும். ராமோன்ஸ் குழுவின் ஜானி ராமோன் தம் மோஸ்ரைட் கிட்டாரில் செய்தது அதுவே. 1976-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் 14 பாட்டுகளும் அரைமணிக்குள் முடிந்துவிடுகின்றன. கூடவே வாசித்துப் பார்ப்பவனுக்கு நடுவிலேயே முன்கை மரத்துப்போகும்.

எங்களில் பெரும்பாலோர் பிடிப்பது ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே சேர்ந்த பவர் கார்டு. ஆம்ப்ளிஃபயரை முழுவதும் திருகி ஒலியைக் கரகரக்க வைத்தபின் காந்தாரத்தையும் சேர்த்தால், ஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். காந்தாரம் போனதும், இது சந்தோஷமா துக்கமா என்று நிச்சயிக்க முடியாத ஒரு வறட்சி மிஞ்சுகிறது. அந்த வறட்சி எனக்குப் பிடிக்கும்.

ராமோன்ஸ் குழுவினர் நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில், ஃபாரஸ்ட் ஹில்ஸ் என்னும் மத்தியதர வர்க்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள். வயிறு நிறைந்த பிள்ளைகளுக்கு அப்படியென்ன கோபம் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. கோபம் எந்த ஊரில்தான் இல்லை? புறநகர் கூடுதலாகக் கொடுத்தவை காரை வெளியே நிறுத்திவிட்டால் காலியாகிவிடும் ஒரு கராஜும், பெற்றோர் வாங்கித் தந்த மலிவான கிட்டாரும், போக்கிடமற்ற நீண்ட மாலைப் பொழுதுகளுமே என்பது என் கட்சி.

அத்தகைய இன்னோர் இடமான கலிஃபோர்னியாவின் ஹெர்மோசா பீச்சில், சிறுவனாக இருந்தபோதே ஹாம் ரேடியோக் கருவிகளைத் தபால்மூலம் விற்றுவந்த கிரெக் ஜின் என்பவர், 1976-இல் ஒரு குழுவைத் தொடங்கி, பிளாக் ஃப்ளாக் என்று அதற்குப் பின்னர் பெயர் மாற்றி, தம் ரேடியோ வியாபாரத்தின் எஸ்.எஸ்.டி. என்னும் பெயரையே வைத்து ஒரு ரிக்கார்டு கம்பெனியை நடத்தலானார். 1979-இல் வந்த அதன் முதல் வெளியீட்டில் நான்கே பாட்டுகள். மொத்தம் ஐந்து நிமிஷத்துக்குச் சற்றே கூட. உறைச் சித்திரம் தம்பி ரேமண்ட் பெட்டிபானுடையது. அவ்வருஷக் கோடையில் பக்கத்து ஊரான மன்ஹாட்டன் பீச்சின் பூங்காவில் அவர்கள் வாசித்தபோது, குடும்பத்தோடு உல்லாசமாகச் சாப்பிட வந்திருந்தவர்கள் கையிலிருந்த பண்டங்களையே எடுத்து வீசினார்கள். ஊராரும் போலீஸாரும் ஒழுங்கீனத்தின் உருவமென்று கருதிய அந்தக் குழுவோ, ஹெர்மோசா பீச்சின் பழைய மாதாகோயில் கட்டடம் ஒன்றில் ஒண்டிக்கொண்டு, கச்சேரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணிக்கணக்காக அப்பியாசம் செய்துகொண்டிருந்தது.