துக்க வீட்டில் பத்துப் பேர்

துக்கம் விசாரிக்கப் போகிற வீட்டில் என்ன பேசுவது என்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. யூதர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வந்தவர் முதலில் வாய் திறக்கக் கூடாது. துக்கத்தில் இருப்பவர் பேசட்டும் என்று காத்திருக்க வேண்டும். இதைப் படித்ததிலிருந்து அவர்களுடைய வழக்கங்களைத் தேடித் தேடிப் படிக்கிறேன். (தேர்வு நேரத்தில்தான் இந்த ஆர்வமெல்லாம் வரும்!)

அடக்கம் முடிந்ததும் ஏழு நாள் துக்கம். அதற்கு 'ஷிவா' என்று பெயர். எபிரேயத்தில் ஏழு என்று பொருள். கண்ணாடிகளைத் துணியால் மூடிவிட்டு, தாழ்வான முக்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். ஜெபத்துக்காக அவர்கள் வெளியே போக வேண்டியதில்லை. காலையும் மாலையும் குறைந்தது பத்துப் பேர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். (சனிக்கிழமை மட்டும் விலக்கு.) பத்துப் பேர் சேராவிட்டால் 'கத்தீஷ்' சொல்ல முடியாது.

இறந்தவருக்காகச் சொல்லும் இந்தக் கத்தீஷில் மரணம் என்ற சொல்லே கிடையாது. முழுக்கக் கடவுளின் புகழ்தான், அதுவும் பெரும்பாலும் அராமிய மொழியில்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, அவர்கள் சொல்லாமல் விடுவதுதான். மாதப் பிறப்பன்று பாடும் 'ஹல்லேல்' துதியைத் துக்க வீட்டில் பல இடங்களில் பாடுவதில்லை. இறந்தவர்கள் கடவுளைத் துதிப்பதில்லை என்ற பொருளில் அதில் ஒரு வரி வருகிறது. அங்கே போய் அதைப் பாடினால் இறந்தவரைக் கேலி செய்தது போலாகுமாம். போனவர் மனசு நோகக் கூடாதென்று ஒரு பாட்டையே நிறுத்துகிறார்கள் பாருங்கள்!

பெற்றோருக்குப் பிள்ளை கத்தீஷ் சொல்வது 11 மாதம். ஏன் 12 இல்லை? பாவிகளுக்கு மறுமையில் 12 மாதத் தண்டனை என்பது மரபு. 12 மாதமும் சொன்னால், அப்பாவைப் பாவி என்று பிள்ளையே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

சரி, மகன் இல்லாத வீட்டில் யார் சொல்வது? வைதீக மரபில் அந்தப் பத்துப் பேரும் ஆண்கள்தான். (சீர்திருத்தப் பிரிவினர் இன்று பெண்களையும் சேர்த்து எண்ணுகிறார்கள்.) 1916ல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா சோல்டின் தாயார் இறந்தபோது, ஹேம் பெரெட்ஸ் என்ற நண்பர் தான் கத்தீஷ் சொல்வதாக முன்வந்தார். சோல்ட் நன்றி சொல்லி மறுத்துக் கடிதம் எழுதினார். எட்டுப் பெண்களைப் பெற்ற தன் பெற்றோர், ஒரு மகன் இல்லையே என்று ஒருநாளும் குறைப்பட்டதில்லை. அப்பா இறந்தபோதும் மகள்களின் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க அம்மா சம்மதிக்கவில்லை என்று அதில் சொல்கிறார்.

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள். கொள்ளி வைக்கப் பெரியப்பா மகன் இருக்கிறானே என்று அப்பா காதுபடவே சொந்தக்காரர்கள் பேசுவார்கள். போன வாரம் அந்தக் கடிதத்தில் உள்ளதைத் தமிழில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.