மூவர் வாங்கிய இருவர் வண்டி

எம்.ஜி. என்னும் இரண்டு எழுத்துகளை நம்மூரவர் தனித்து நிற்க விடுவதில்லை. எங்கள் பச்சை நிற மோட்டார் வண்டி பருத்தித்துறை வீதியாற் போகும்போதெல்லாம், “எம்.ஜி.ஆர். கார் வருகுது!” என்று கூவிக்கொண்டு சிறுவர்கள் ஓடிவருவார்கள். மொறிஸ் கராஜஸ் என்ற பெயரின் முதலெழுத்துகளே அவை என்று விளக்க நாங்கள் முயன்றதில்லை. கண்டிப் பகுதியிற் பிறந்த நடிகர் ஒருவராற் கிடைத்த மரியாதையை வீணே ஏன் இழப்பான்?

இங்கிலாந்தின் அபிங்டன் நகரிலே 1945 முதல் 1949 வரை செய்யப்பட்ட ரீ.சி. வகையைச் சேர்ந்தது அது. அவ்வகையில் ஏறத்தாழ 10,000 வண்டிகளே வெளிவந்தன. தாயகம் திரும்பிய தேயிலைத் தோட்டத் துரை ஒருவரிடம் 1969இல் அட்டனில் அதனை வாங்கினோம். புதிய கார்களின் இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு இருந்த காலம். நான்கு சில்லு உருளுமானால் எதனையும் எவரும் கழித்துவிடமாட்டார்கள். நாங்கள் மூவர்: இருவர் எழுதுவினைஞர், ஒருவர் ஆசிரியர். வண்டியிலோ இரண்டே ஆசனங்கள். ஆகவே முறை வைத்து, ஒருவர் பின்னால் மடித்த கூரைத் துணியின்மேல் கடகத்திற் கோழிபோல் ஒடுங்கியிருந்தார்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 200 மைல். மாங்குளத்தை அண்மியபோது இருட்டில் வண்டி நின்றது. திறப்பைத் திருகியதும் ‘டிக், டிக்’ என்று ஒலிக்க வேண்டிய பெற்றோல் பம்பி மௌனம் சாதித்தது. அவ்வழியே வந்த லொறிச் சாரதி ஒருவர் எங்களை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, திருப்புளியின் பிடியால் அதன் தலையில் மெல்லத் தட்டினார். பம்பி பேசத் தொடங்கியது. அதன்பின் அந்த ‘டிக், டிக்’ ஒலியைக் கேட்காமல் நாங்கள் எங்கும் புறப்பட்டதில்லை. பல்லி சொல்லும் சகுனத்திலும் அது எங்களுக்குப் பெரிது.

உதிரிப்பாகம் கிடைக்காத நாட்டில் ஊர்க் கைகளே துணை. அவ்வண்டியின் உடல், இரும்புத் தகட்டுக்குள் மரச்சட்டம் கொண்டது. சட்டம் உளுத்தபோது, மாட்டுவண்டி செய்யும் தச்சர் ஆங்கில மரத்தை விரல் நகத்தாற் கீறிப் பார்த்து, “இது என்ன மரம், தம்பிமார்!” என்று பூவரசு வைத்து இழைத்துத் தந்தார். 19 அங்குலக் கம்பிச் சில்லுகளைச் சைக்கிள் கடைக்காரர் சுற்றிவிட்டுக் காதால் கேட்டே நேர்செய்தார். ஒவ்வொரு சில்லையும் இரு செவிகள் கொண்ட ஒற்றை நட்டு பிடித்திருக்கும். அதனை இறுக்கவும் கழற்றவும் ஒரு செப்புச் சுத்தியல். அது ஆசிரியரின் பொறுப்பு. பிறர் தொட அவர் விடார்.

ஞாயிறு மாலைகளில் வல்லை வெளிக்குப் போவோம். இருபுறமும் வெட்டவெளி, வீடில்லை, வேலியில்லை. முன்கண்ணாடியை என்ஜின் மூடியின்மேற் சாய்த்துவிட்டால் காற்று நேரே முகத்தில் அறையும். முள் 60 மைலைத் தொடும்போது உதட்டில் உப்புக் கரிக்கும். பேசினாற் கேட்காது, ஆயினும் மூவரும் ஓயாது பேசினோம். என்ன பேசினோமோ, இன்றுவரை எவருக்கும் தெரியாது.

1973இன் பின் பெற்றோல் விலை ஏறியது. மறுவருடம் ஆசிரியரின் தந்தையார் காலமானார். தங்கையின் கலியாணம் நிச்சயமாகியிருந்த வேளை. வண்டியை விற்போம் என்று முதலிற் சொன்னவர் அவரல்லர். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து பணத்தை எண்ணிக் கொடுத்தார். மூன்று பங்கையும் ஒரே உறையிலிட்டு ஆசிரியர் வீட்டுப் படத்தட்டில் வைத்துவிட்டு வந்தோம். அவர் ஒரு வாரம் எங்களோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் சைக்கிளில் வந்து, தங்கையின் கலியாணத்திற்குப் பந்தற்கால் நட எங்களைக் கூப்பிட்டார்.

வாங்கியவர் சுத்தியலைக் கேட்கவில்லை, ஆசிரியரும் கொடுக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது அவரும் நடந்தார். பின்னர் சாவகச்சேரியில் ஒரு பாடசாலை விறாந்தையில் அவரது பையைப் பிரித்தோம். காணி உறுதி, ஒரு கொத்து அரிசி, அவற்றின் அடியிலே செப்புச் சுத்தியல். தேங்காய் உடைக்கவும் உதவாத இதை ஏன் சுமந்து வந்தீர் என்று கேட்டோம்.

“வழியிலை சில்லு கழண்டால் என்ன செய்யிறது?” என்றார்.