மூட்டை கைமாறிய கதை

நூலைக் கற்பது வேறு; கற்ற நூலால் தன்னைத் தானே அளந்து பார்ப்பது வேறு. முன்னது பரீட்சைக்கு உதவும். பின்னது வாழ்க்கைக்கு உதவும். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தை ஒரு மாலைப்பொழுதில் சிறு விளையாட்டு ஒன்று எனக்குக் காட்டிற்று. அதனால் நேர்ந்த வெட்கத்தையும் மறையாது நேயர்கள் முன் வைக்கின்றேன்.

நான் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. எங்கள் தோட்டத்துப் பெண்கள் மூவரும் இளைஞர் இருவரும் பாலர்பள்ளி ஆசிரியர் டிப்ளோமாவுக்குப் படிக்கின்றனர். இன்று உளவியல் என வழங்கும் மனோதத்துவம் அவர்களுக்கு ஒரு பாடம். அவர்கள் மலாய் வழியில் படித்தவர்கள். கைக்கு வந்த நூலோ ஆங்கிலம். நான் ஆங்கில வழியில் பயின்றவனாதலால், வாரம் இருமுறை பழைய ஆயக்கொட்டகையில் அவர்களுக்குப் பாடஞ் சொல்லும் பொறுப்பு என்மேல் வந்தது.

முதல் மாதம் நான் செய்ததென்ன? நூலை வாசித்தேன்; தமிழில் சொன்னேன்; எழுதிக்கொள்ளுமாறு பணித்தேன். பகலெல்லாம் உழைத்து வந்தவர்களின் இமைகள் தாழ்ந்தன. அடுத்த வாரம் கேட்டபோது, ஞாபகம் என்னும் அதிகாரத்தையே மறந்திருந்தனர். நான் சினந்தேன். ஒரு பெண் மெல்லச் சொன்னாள்: "அண்ணே, மறதியைப் பற்றிப் படித்ததைத்தான் மறந்துவிட்டோம். அதற்கும் அந்த நூலிலேயே காரணம் இருக்குமே, பாருங்கள்."

எல்லோரும் நகைத்தனர். வீடு சென்று பார்த்தேன். காரணம் இருக்கத்தான் செய்தது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் கல்லூரி மாணாக்கரைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். மாணாக்கர் ஒரு பாடத்தை இருமுறை படித்தனர். மற்றொரு பாடத்தை ஒருமுறை மட்டும் படித்து, ஏட்டை மூடிவிட்டு, நினைவில் நின்றதை எழுதினர். ஐந்து நிமிடங் கழித்துக் கேட்டபோது, இருமுறை படித்த பாடமே மேலாக நின்றது. ஒரு வாரங் கழித்துக் கேட்டபோதோ, இருமுறை படித்ததில் நூற்றுக்கு 42 பங்கும், ஏட்டை மூடி எழுதியதில் 56 பங்கும் நினைவில் இருந்தன. மனம் நிறைக்கப்படும் ஜாடி அன்று. இறைக்க இறைக்க ஊறும் கிணறு என்பது இதனால் விளங்கிற்று.

மறுவகுப்பிற்கு ஒரு டப்பாப் புளியங்கொட்டையும், பழைய அட்டைகளை வெட்டிச் செய்த சீட்டுகளும் கொண்டுசென்றேன். ஒரு சீட்டில் மனோதத்துவச் சொல் ஒன்று இருக்கும். அதை எடுத்தவர் நூலைப் பாராமல் பொருள் சொல்லி, தோட்ட வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணமும் காட்டவேண்டும். சரியாயின் ஒரு கொட்டை அவருக்கு. தவறாயின் திருத்திச் சொல்பவருக்கு. கொட்டகையில் தூக்கம் ஒழிந்தது. "என் கொட்டையை எடுக்காதே" என்று வாதாடும் அளவிற்கு ஊக்கம் பிறந்தது.

இவ்வாறிருக்கையில், வதந்தி என்னும் பகுதி வந்தது. கதையொன்று வாய்மாறிச் செல்லுகையில் எவ்வாறு உருமாறுகிறது என்பதை 1932-இல் இங்கிலாந்தின் பார்ட்லெட் தம் நூலில் ஆராய்ந்திருந்தார். பின்னர் 1947-இல் அமெரிக்கரான ஆல்போர்ட், போஸ்ட்மேன் இருவரும் வதந்தியைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டனர். அவர்கள் காட்டிய வழியையே நானும் விளையாட்டாக்கினேன்.

ஒரு படம் வரைந்தேன். உர ஸ்டோர் வாசல். வெள்ளைச் சட்டை அணிந்த கிராணி தோளில் ஓர் உரமூட்டையைச் சுமந்து நிற்கிறார். எதிரே ஒரு தொழிலாளி வெறுங்கையோடு நிற்கிறான். பக்கத்தில் ஒரு லோரி, ஒரு நாய். சுவரில் ஒரு கடிகாரம். ஒருவருக்கு மட்டும் படத்தைக் காட்டினேன். மற்ற நால்வரும் வெளியே நின்றனர். ஒவ்வொருவராக உள்ளே வந்து, முன்னவர் சொன்னதைக் கேட்டுப் பின்னவருக்குச் சொல்லவேண்டும் என்பது விதி.

ஐந்தாமவர் எழுந்து சொன்னது இது: "ஸ்டோரிலிருந்து ஒரு தொழிலாளி உரமூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறான். கிராணி அவனைப் பிடித்து விசாரிக்கிறார்."

நாய் போயிற்று, லோரி போயிற்று, கடிகாரம் போயிற்று. மூட்டை மட்டும் போகவில்லை, தோள் மாறிவிட்டது! எவ்விடத்தில் மாறிற்று என்று வினவினேன். மூன்றாமவளாக நின்ற பெண் சொன்னாள்: "அண்ணே, கிராணி, தொழிலாளி, மூட்டை என்றுதான் எனக்குச் சொன்னார்கள். மூட்டையென்றால் தொழிலாளிதானே தூக்குவான்?" அவளுடைய தந்தை எங்கள் தோட்டத்தில் உரம் போடுபவர்.

அதன்பின் அந்நூலின் செய்தியைச் சொன்னேன். ஆல்போர்ட், போஸ்ட்மேன் காட்டிய ஒரு படத்தில், ரயில் வண்டிக்குள் சவரக்கத்தி வைத்திருப்பவன் வெள்ளையன். அவன் எதிரே நிற்பவன் கறுப்பன். அப்படத்தைக் கொண்டு நடத்திய சோதனைகளுள் பாதிக்கு மேற்பட்டவற்றில், சொல்லிவருவோர் வரிசையில் எங்கேனும் ஓரிடத்தில் கத்தி கறுப்பன் கைக்கு வந்துவிட்டது! சொன்னவர்கள் பொய்யரல்லர். சில விவரங்கள் தேய்கின்றன; எஞ்சியவை கூர்மையாகின்றன; கூர்மையானவை கேட்பவரின் வழக்கமான எண்ணத்தோடு ஒத்துப்போகின்றன. இம்மூன்று சொற்களையும் மாணாக்கர் பிறகு மறக்கவேயில்லை.

நானோ அன்றிரவு உறங்கவில்லை. ஈராண்டுகளுக்கு முன் எங்கள் ஸ்டோர்க் கணக்கில் உரமூட்டைகள் குறைந்தன. வேறு தோட்டத்திலிருந்து புதிதாக வந்த தொழிலாளி ஒருவன்மீது பேச்சு எழுந்தது. நால்வரை விசாரித்து, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதியவன் நானே. அவன் வேலையை இழந்தான்.

மறுநாட் காலையில் அந்தக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். என் குறிப்பில் நால்வரும் சொன்னது, "சொன்னார்கள்", "பேசிக்கொண்டார்கள்" என்பதே. "நான் கண்டேன்" என்றவர் ஒருவருமிலர். நான் அறிக்கையில் எழுதியதோ, அவன் மூட்டையோடு காணப்பட்டான் என்பது. கண்டவர் யார்? அவ்வாக்கியம் கூறவில்லை, இலக்கணப் பிழை ஒன்றுமின்றி உண்மையை விழுங்கிவிட்டது. என் ஆங்கிலப் படிப்பு எனக்கு அன்று செய்த உதவி அதுவே!

அவன் குற்றமற்றவன் என்று நான் சொல்லவரவில்லை; அதனை அறியேன். குற்றவாளி என்று எழுதுவதற்கும் எனக்கு ஆதாரம் இருக்கவில்லை. இதனை மானேஜரிடம் நேரிற் சொல்லி, திருத்தம் ஒன்றெழுதிக் கையொப்பமிட்டு அக்கோப்பில் சேர்த்தேன். அவனைத் தேடவும் முயன்றேன். ஜொகூரில் இருப்பதாகச் சிலர் கூறுகின்றனர். அதுவும் சொல்லக் கேட்டதே.

தோழர்களே! விளையாட்டு பிள்ளைகளுக்குரியது, படிப்பு பெரியோருக்குரியது என்று பிரித்துவைத்தல் பிழை. உங்கள் லயத்தில், சங்கத்தில், இரவுப் பள்ளியில் இவ்விளையாட்டை ஒருமுறை ஆடிப்பாருங்கள். ஒரு தாளும் பென்சிலும் போதும். அப்படம் இன்றும் ஆயக்கொட்டகைச் சுவரில் இருக்கிறது. என் மாணாக்கர் அதன்கீழ் ஒரு வரி எழுதியுள்ளனர்: "கண்டவர் யார்?" ஒவ்வொரு முறை அறிக்கை எழுத அமரும்போதும் முதலில் அக்கேள்விக்கே விடை தேடுகின்றேன்.