கடனை எழுதி வைத்தல்

பலூசிஸ்தானத்து முஸ்லிம்கள் பேசும் பிராகுயி மொழி நம் தமிழுக்கு உறவு என்று அறிந்த நாளில் உள்ளம் பூரித்தேன். அதன் எண்களைக் கேளுங்கள்: அசிட், இரட், முசிட். நம் ஒன்று, இரண்டு, மூன்றின் உடன்பிறப்புகள்! ஆனால் நான்கு முதல் யாவும் பாரசீகம், பலூச்சி போன்ற ஈரானிய மொழிகளின் வழிவந்த கடன்.

2018-இல் ஆய்வாளர் சிலர் 20 திராவிட மொழிகளின் 100 அடிப்படைச் சொற்களைத் தொகுத்துக் கணினியிலிட்டு, அக்குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் எனக் கணித்தனர். அவர்களைப் பார்த்து நானும் ஒரு சிறு சொல்லட்டவணை தொகுக்க முனைந்தேன். உறவுக்கு இழுக்கு நேருமே என்றஞ்சி, பிராகுயியின் கடன் எண்களை அதிலிருந்து அழித்தேன்.

இரவெல்லாம் மனம் உறுத்தியது. கடன் சொல்லைப் பிறப்புரிமைச் சொல்லாகக் கணக்கிட்டால், கணினி பிராகுயியைப் பாரசீகத்தின் பக்கம் தள்ளிவிடும், உண்மைதான். அழித்தாலோ, அம்மக்கள் அண்டை அயலாரோடு கலந்து வாழ்ந்த வரலாறே மறைந்துபோகும். முன்னது அறியாமை, பின்னது மோசடி.

விடிந்ததும் அச்சொற்களைத் திரும்ப எழுதினேன். அருகே ஒரு தனிக் கட்டம் வரைந்து, ‘கடன்’ என்று குறித்தேன். இனி, உறவைக் கணக்கிடும்போது கணினி அவற்றை ஒதுக்கும். வரலாறு தேடுவோர்க்கு அவை அங்கேயே இருக்கும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்குமாறு ‘அல்பகரா’ அத்தியாயம் நமக்குப் பணிக்கிறது. அது பொருளுக்கு மட்டுமன்று, சொல்லுக்கும் பொருந்தும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.