எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்ட குரல்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

எங்களோடு கல்வியியற் கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன் இப்போது கனடாவில் பெரிய ட்ரக் ஓட்டுகிறான். போன கிழமை இரவு வட்ஸ்அப்பில் ஒரு பாட்டு அனுப்பியிருந்தான். டேவ் டட்லி என்ற அமெரிக்கப் பாடகர் 1963 இல் பாடியது. ஆறு நாள் ரோட்டிலேயே கிடந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் லொறிச் சாரதியின் பாட்டாம். டட்லி முதலில் பேஸ்போல் விளையாடினவர். கையில் காயம் பட்ட பிறகுதான் பாட்டுப் பக்கம் வந்தாராம். அந்த ஒரு பாட்டோடு லொறிக்காரர்கள் அவரைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு லொறிப் பாட்டு என்றே அங்கே ஒரு வகை வளர்ந்துவிட்டது.

பாட்டுக்குக் கீழே நண்பன் கேட்டிருந்தான்: "எங்கட வன்னி லொறிக்காரருக்கு இப்பிடி ஒருத்தர் இருந்தவரா மச்சான்?"

இல்லை என்று எழுதப் போனோம். அப்போதுதான் வாப்பா ஞாபகத்துக்கு வந்தார்.

வாப்பா நீராவிப்பிட்டியில் ஒரு முதலாளியிடம் பெட்போட் லொறி ஓட்டியவர். முல்லைத்தீவில் இருந்து மீனும் கருவாடும், முள்ளியவளைப் பக்கம் இருந்து நெல்லும் ஏற்றிக்கொண்டு ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக வவுனியாவுக்குப் போய் வருவார். கிளீனராக முள்ளியவளைத் தமிழ்ப் பொடியன் ஒருவர். வாப்பாவுக்கு அவர் "தம்பி", அவருக்கு வாப்பா "நானா", எங்களுக்கு அவர் கிளீனர் மாமா. அந்த லொறியில் ஒரு கசெட் பிளேயரும் ஏழெட்டுக் கசெட்டும் இருந்தன. பாதிக்கு மேல் நாகூர் ஹனிபா.

ஏன் ஹனிபா என்று உம்மா ஒரு நாள் கேட்டாவாம். வாப்பாவின் பதிலில் மார்க்கமும் இல்லை, சங்கீதமும் இல்லை. "பெட்போட் எஞ்சின் போடுற சத்தத்துக்கு மற்ற ஆக்கள்ர பாட்டு ஒண்டும் விளங்காது. அந்த மனுசன்ர குரல் மட்டும்தான் எஞ்சினுக்கு மேலால கேக்கும்."

பகிடி போல இருந்தாலும் அந்தக் கதையில் உண்மை இருக்கிறது. ஹனிபா முறையாகச் சங்கீதம் படித்தவர் அல்ல. 1925 டிசம்பர் 25 இல் இராமநாதபுரத்தில் பிறந்தார். குடும்பத்துக்குச் சொந்த ஊர் நாகூர். சின்ன வயதிலேயே பாடத் தொடங்கி, கலியாண வீடுகளிலும் மீலாத் மேடைகளிலும் கட்சிக் கூட்டங்களிலும் பாடிப் பாடி வளர்ந்த குரல் அது. திறந்த வெளியில் கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கும் கேட்க வேண்டும் என்று பழக்கிய குரல். திராவிட இயக்கக் கூட்டங்களில் தலைவர்கள் பேசுவதற்கு முதல் சனத்தைக் கூட்டுவது அவருடைய பாட்டுத்தான். "இசை முரசு" என்ற பட்டம் சும்மா வந்ததல்ல.

அண்ணாவுக்கும் கலைஞருக்கும் நெருக்கமாக இருந்தார். நாகூரில் தன் வீட்டுக்குக் "கலைஞர் இல்லம்" என்று பெயர் வைத்தார். தேர்தலில் நின்றும் பார்த்தார், வெல்லவில்லை. பிறகு சட்ட மேலவை உறுப்பினராகவும் வக்பு வாரியத் தலைவராகவும் இருந்தார். தொழுகையையும் விடவில்லை, கட்சியையும் விடவில்லை, தமிழையும் விடவில்லை. ஒன்றுக்காக மற்றதை விடச் சொன்னால் கேட்கிற ஆள் அவர் இல்லை.

சினிமாவில் அவர் பாடியது கொஞ்சம்தான். 1961 இல் வந்த "பாவ மன்னிப்பு" படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடினார். ஒரு முஸ்லிம் வீட்டில் வளர்கிற இந்துப் பிள்ளையின் கதை அது. 1992 இல் "செம்பருத்தி", 1997 இல் "ராமன் அப்துல்லா". ஆனால் அவரை வீடு வீடாகக் கொண்டுபோனது சினிமா அல்ல, இசைத்தட்டும் கசெட்டும் வானொலியும்தான். எங்கள் நாட்டில் இலங்கை வானொலி முஸ்லிம் சேவையைக் கேட்டு வளர்ந்த ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. "இறைவனிடம் கையேந்துங்கள்" பாட்டைக் கேட்டு உருகுகிற சைவர்களையும் வேதக்காரர்களையும் நாங்கள் எவ்வளவோ பேரைக் கண்டிருக்கிறோம்.

வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சனத்தை ஏற்றிக்கொண்டு வாப்பாவின் லொறி போகுமாம். அப்போதும் இதே கசெட்தான். நிற்பாட்டச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை என்று உம்மா இன்றைக்கும் சொல்லுவா.

1990 ஒக்டோபரில் எங்களை வெளியேறச் சொன்னார்கள். எங்களில் மூத்தவருக்கு அப்போது ஏழு வயது, இளையவர் கைக்குழந்தை. லொறி அங்கேயே நின்றது. கசெட்டுகளும் அதற்குள்ளேதான். ஒரு லொறிச் சாரதியின் குடும்பம் நடந்தும், கிடைத்த உழவு இயந்திரங்களில் தொற்றியும் வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து புத்தளம் போய்ச் சேர்ந்தது.

புத்தளத்து ஓலைக் கொட்டிலில் பக்கத்து வீட்டு ரேடியோவில் ஹனிபா பாடத் தொடங்கினால் வாப்பா எழும்பி வெளியே போய்விடுவார். முகாமில் இருந்தவர்கள் அவர் பாட்டு, இசையை விட்டுவிட்டார் என்று நினைத்தார்கள். பேணுதலான மனிதர் என்று பேரும் வந்தது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பெரியவர்களான பிறகு ஒரு தடவை கேட்டோம். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் குரல்ல டீசல் மணக்குது மகன். கேட்டா ஊருக்குப் போகணும் போல இருக்கு."

இருபது வருடம் அவர் ஹனிபாவைக் கேட்கவில்லை.

2011 இல் ஊருக்குத் திரும்பினோம். வளவு காடு பற்றிக் கிடந்தது. கிளீனர் மாமா தேடி வந்தார், தலை நரைத்திருந்தது. நாங்கள் 1990 இல் விட்டுவிட்டுப் போனது போல அவரும் 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு போய், முகாமில் இருந்து திரும்பியவர். இரண்டு பேரும் வேலிக்கரையில் நின்று மழையைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் கதைத்தார்கள். வேறு ஒன்றும் கதைக்கவில்லை. யார் யாருக்கு என்ன செய்தது என்ற கதை அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. அதை எடுக்க இரண்டு பேருக்கும் பயம்.

2015 ஏப்ரல் 8 இல் ஹனிபா சென்னையில் மௌத்தானார். அடுத்த நாள் பின்நேரம் கிளீனர் மாமா சைக்கிளில் வந்தார். படலையில் நின்றபடியே, "நானா, அவர் போயிட்டாராம்" என்றார். வாப்பாவிடம் துக்கம் விசாரிக்க வந்திருந்தார்!

உம்மா தேத்தண்ணி கொடுத்தா. எங்களில் ஒருவர் போனை எடுத்து யூடியூப்பில் ஒரு பாட்டைப் போட்டோம். வாப்பா எழும்பிப் போகவில்லை. பாட்டு நடுவில் ஓரிடம் வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தி ஆளை ஆள் பார்த்தார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிளீனர் மாமாதான் சொன்னார்: "இந்த இடத்திலதான் கசெட் சிக்கும். நான் பேனையை விட்டுச் சுத்துவன், நானா ஏசுவார்."

பாட்டு சிக்காமல் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் அழுதார்கள். அன்றைக்கு இரவு பத்து மணி வரைக்கும் இருந்து கதைத்தார்கள். 1990 பற்றியும் கதைத்தார்கள், 2009 பற்றியும் கதைத்தார்கள். எங்கள் வளவில் அந்தக் கதைகள் வாய்விட்டுச் சொல்லப்பட்டது அன்றைக்குத்தான்.

வாப்பா 2019 இல் மௌத்தானார். கப்ரடிக்கு வந்தவர்களில் கிளீனர் மாமாவும் ஒருவர்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்கு நண்பனின் கேள்வி மட்டும் காரணம் அல்ல. போன தவணை எட்டாம் வகுப்பில் நாட்டார் பாடல் படிப்பித்தோம். வீட்டில் பெரியவர்கள் வேலை செய்யும்போது பாடிய, கேட்ட பாட்டு ஒன்றைக் கேட்டு வரச் சொன்னோம். ஒரு முஸ்லிம் பிள்ளை தன் மூத்தப்பா கேட்ட ஹனிபா பாட்டைப் பாடத் தொடங்கியது. பின் வாங்கில் இருந்த ஒரு பொடியன், "சேர், அது அவையின்ர பாட்டு" என்றான். அவனிடம் கெட்ட எண்ணம் இல்லை, தெரிந்ததைச் சொன்னான். பிள்ளை பாட்டை நிற்பாட்டிவிட்டு இருந்துவிட்டது. நாங்களும் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டோம்.

பிழை எங்களுடையது. வாப்பாவின் பிள்ளைகளாக இருந்துகொண்டு, கிளீனர் மாமாவைத் தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் பேசாமல் இருந்தோம். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். பாட்டை முழுதாகப் பாடும்படியும் கேட்டிருக்கிறோம்.

இசை கூடுமா கூடாதா என்று எங்கள் ஆட்களுக்குள் பேச்சு இருக்கிறது. அது அவரவர் பேணுதல். அதில் தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. எங்கள் கவலை வேறு. அந்த ரோட்டில் ஒன்றாக லொறி ஓடிய ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் போனபிறகு "அவையின்ர பாட்டு", "எங்கட பாட்டு" என்பது மட்டும்தான் மிஞ்சும்.

ஹனிபா பிறந்து 100 வருடம் நிறைவது 2025 டிசம்பர் 25 ஆம் திகதியோடு. எங்கள் பிள்ளைகள் அதற்கு ஒரு சின்ன வேலை செய்யப் போகிறார்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் 1990 க்கு முதல் லொறி ஓட்டியவர்கள், கிளீனராக நின்றவர்கள், ஏற்றி இறக்கியவர்கள் யாராக இருந்தாலும் சரி, நீங்கள் லொறியில் என்ன பாட்டுக் கேட்டீர்கள் என்று வந்து எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஹனிபாதான் வேண்டும் என்றில்லை. டி.எம். சௌந்தரராஜனோ, சீர்காழியோ, பைலாவோ எதுவானாலும் பரவாயில்லை. பழைய கசெட் இருந்தால் கொண்டு வாருங்கள். சிக்கினாலும் பரவாயில்லை, சுற்றுவதற்குப் பேனை எங்களிடம் இருக்கிறது.

கிளீனர் மாமா வருவதாகச் சொல்லியிருக்கிறார். முன் கதிரை அவருக்கு.

கனடா நண்பனுக்கும் பதில் அனுப்பிவிட்டோம்: "இருந்தவர் மச்சான். அவர் லொறியைப் பற்றி ஒரு பாட்டும் பாடவில்லை. லொறிதான் அவரைப் பாடிக்கொண்டு போனது."

வஸ்ஸலாம்.