நூறு டாலருக்கு இரண்டு சென்ட்

நவம்பர் மாதம், சோளம் அறுத்து முடித்த கொல்லையில் நடந்தால்தான் ஒரு நிலத்தின் உடம்பு தெரியும். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த மூலையில் மான் படுத்து எழுந்திருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை அடி உள்ளே தள்ளி வேலி போட்டிருக்கிறார் என்பதெல்லாம் ஒரே நடையில் புரிந்துவிடும். நியூ ஜெர்சியில் விவசாய நிலங்களைக் காப்பதற்கான மனுக்களைத் தயார் செய்வது என் வேலை. பதினெட்டு ஆண்டுகளாகச் செய்கிறேன். அதில் பாதி இந்த நடை, மறுபாதி காசு சேர்ப்பது. காசு சேர்க்கும் கதையை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் இந்த வேலையின் உயிர்.

அமெரிக்காவிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த மாநிலம் இது. சொத்து வரியும் இங்கே மிக அதிகம், ஒரு வீட்டுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 9,000 டாலருக்கு மேல். அப்படியிருந்தும் வயலையும் காட்டையும் காக்க இன்னும் கொஞ்சம் வரி கட்டுகிறோம் என்று மக்களே வாக்களித்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 21 கவுண்டிகளிலும் அந்த வரி உண்டு, பல ஊர்களிலும் உண்டு. வீட்டின் மதிப்பில் 100 டாலருக்கு இத்தனை சென்ட் என்பது கணக்கு. இரண்டு சென்ட் என்றால், 5,00,000 டாலர் மதிப்புள்ள வீட்டுக்காரர் ஆண்டுக்கு 100 டாலர் கட்டுவார். அது தனிக் கணக்கில் சேரும். ரோடு போட அதிலிருந்து எடுக்க முடியாது.

எங்கள் தெருவில் ஒரு தம்பி கேட்டார்: "அக்கா, ஏற்கெனவே வரி கட்டியே முதுகு ஒடியுது. யாரோ ஒரு விவசாயிக்கு நாம ஏன் குடுக்கணும்?" அவர் வீடும் என் வீடும் ஒரு காலத்தில் சோளம் விளைந்த மண்ணில்தான் நிற்கின்றன. அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. "மிச்சமிருக்கிற கொல்லையிலயும் வீடு வந்தா, அத்தனை பிள்ளைங்களுக்கும் பள்ளிக்கூடம் கட்டுற செலவு நம்ம வரியிலதானே ஏறும்? நிலத்துக்குப் பள்ளிக்கூடம் வேணாம் தம்பி" என்றேன். அவர் முழுதாக ஒப்பவில்லை. ஆனால் அடுத்த முறை வரி ரசீது வந்தபோது அந்த வரியைத் தேடிப் பார்த்ததாகச் சொன்னார்.

மாநிலப் பணத்தின் கதை வேறு. 1961இல் வாக்காளர்கள் 6 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். திறந்தவெளிகளைக் காக்கும் கிரீன் ஏக்கர்ஸ் திட்டம் அதில் பிறந்தது. விவசாய நிலத்துக்கென்று 1981இல் 5 கோடி. கடன்பத்திரப் பணம் காட்டாற்று வெள்ளம் மாதிரி, வரும்போது கரை புரளும், பிறகு அடுத்த வாக்கெடுப்பு வரை மணல்தான். 1998இல் விற்பனை வரியிலிருந்து ஆண்டுக்கு 9.8 கோடி டாலர் என்று பத்தாண்டுக்கு அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்தார்கள். 2014இல் நிறுவன வரியில் ஒரு பங்கு இதற்கு என்றார்கள், 2019 முதல் அந்தப் பங்கு கூடியது. வாய்க்கால் வெட்டியது போல ஆயிற்று. கொலராடோவின் போல்டர் நகரம் 1967இலேயே விற்பனை வரியில் இதைத் தொடங்கியது. நன்டக்கெட் தீவில் 1983இல் வந்த சட்டப்படி, நிலம் கைமாறும்போது பொதுவாக வாங்குபவர் இரண்டு விழுக்காடு கட்டுகிறார். நிலத்தை விழுங்கும் விற்பனையே நிலத்தைக் காக்கவும் காசு தருகிறது. அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி ஒரு வயலின் கணக்கு. நாங்கள் பெரும்பாலும் நிலத்தை வாங்குவதில்லை, அதில் வீடு கட்டும் உரிமையை மட்டும் வாங்குகிறோம். விவசாயி நிலத்துக்குச் சொந்தக்காரராகவே இருப்பார், உழுவார், வரி கட்டுவார், விற்கவும் செய்வார். வாங்குபவரையும் பத்திரத்திலுள்ள அந்தத் தடை கட்டும், என்றைக்கும். தனித்தனியாக இரண்டு மதிப்பீட்டாளர்கள் வருவார்கள். கட்டும் உரிமையோடு நிலம் ஏக்கர் 30,000 டாலர், உரிமை போனபின் 10,000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 20,000. இந்த அளவு விலையில் 60 விழுக்காட்டை மாநிலம் தரும். மீதியைக் கவுண்டியும் ஊரும் பகிர்ந்துகொள்ளும். 80 ஏக்கருக்கு 16 லட்சம் டாலர். மாநிலம் தந்தது போக மீதியில் ஊர் பாதியை ஏற்றால் அதன் பங்கு 3,20,000தான். ஊர் இருபது காசு வைத்தால் எண்பது காசு வெளியிலிருந்து வருகிறது. அந்த இருபது கையில் இல்லாவிட்டால் எண்பதும் இல்லை.

இந்தக் கணக்கில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. நிலத்தில் சதுப்பு இருந்தால் அங்கே பெரும்பாலும் வீடு கட்ட முடியாது, 1987இல் வந்த மாநிலச் சட்டம் தடுக்கிறது. கட்ட முடியாத இடத்தில் கட்டும் உரிமைக்கு என்ன விலை? ஆக, தவளையும் நாரையும் இருக்கிற ஈரமான பகுதிக்கு மதிப்பீட்டாளர் குறைவாகப் போடுவார், மேட்டில் காய்ந்து கிடக்கும் சரளைக்கு அதிகம். கணக்கில் பிழையில்லை. ஆனாலும் தாத்தா காலத்திலிருந்து அந்தச் சதுப்பை வடிக்காமல் விட்டு வைத்த ஒருவரின் முகத்தைப் பார்த்து அந்தத் தொகையைச் சொல்வது கடினம். அப்போது நான் காகிதத்தைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே சொல்வேன். அது ஒரு மரியாதை.

வேலைக்கு வந்த மூன்றாவது ஆண்டு ஒரு வயலை இழந்தோம். 60 ஏக்கர், நான்கு பிள்ளைகளுக்கு வந்த சொத்து. நால்வரில் மூவருக்குக் காக்கத்தான் ஆசை. அந்த ஊருக்கென்று வரி இல்லை, வாக்கெடுப்பை அடுத்த நவம்பருக்குத் தள்ளிவிட்டார்கள். மனு, மதிப்பீடு, மாநிலத்தின் சான்று, சர்வே, வில்லங்கம் என்று எங்கள் வேலை ஓராண்டுக்கு மேல் இழுக்கும். கட்டுமானக்காரரோ அடுத்த மாதமே முன்பணம் கொடுத்தார். மூத்த மகள் தொலைபேசியில் அழுதாள். ஊர்க் கணக்கில் கொஞ்சம் காசு இருந்திருந்தால் முன்பணமாவது நீட்டியிருப்போம். அதன் பிறகு நான் எந்த ஊருக்குப் போனாலும், எந்த வயல் என்று பேசுவதற்கு முன்பே வரியைப் பற்றித்தான் பேசுகிறேன். விற்க யாரும் நினைக்காத காலத்தில் சேர்த்த காசுதான் விற்கிற நாளில் உதவுகிறது.

எனக்கு மிகவும் பிரியமான வேலை சமையலறை மேசையில் நடப்பது. பத்திரம் எழுதுமுன், வருங்காலத்தில் ஒரு வீடு வேண்டுமானால் அதற்கான இடத்தை விவசாயி விலக்கி வைத்துவிட வேண்டும். விலக்கிய துண்டுக்குக் காசு கிடையாது. பின்னால் இடத்தை மாற்றவும் முடியாது, பெரிதாக்கவும் முடியாது. இன்னும் பிறக்காத பேரனுக்காக இன்றே கோடு போட வேண்டும். நான் வரைபடத்தை விரித்து ஒரு பென்சிலைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். அவசரப்படுத்தினால் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் போட்டுவிடுவார்கள், அது பெரும்பாலும் நல்ல மண்ணாக இருக்கும்.

போன வாரம் ஒரு பெரியவர் முதலில் அப்படித்தான் போட்டார். பிறகு அழித்துவிட்டு, சரளை மேட்டில் இருக்கிற வால்நட் மரத்தைச் சுற்றி இரண்டு ஏக்கருக்கு வரைந்தார். காலையில் அங்கேதான் முதல் வெயில் விழும் என்றார். மதிப்பீட்டாளர் அதிக விலை போட்ட மேடு அது. அதை விலக்கினால் அவருக்குத் தொகை குறையும். சொன்னேன். தெரியும் என்றார். பென்சிலைத் திருப்பித் தராமல் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, வரைபடம் மேசையிலேயே இருக்கட்டும், மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள் என்றார்.