காற்றடித்த நேரத்தையும் எழுது

2013 மார்ச் 23 காலையில் தூத்துக்குடி நகரத்தில் பலருக்குக் கண் எரிந்தது, தொண்டை கரித்தது. தன்னிடமிருந்து எதுவும் கசியவில்லை என்றது அங்குள்ள தாமிர ஆலையான ஸ்டெர்லைட். ஆனால் அந்த ஆலையின் புகைபோக்கியில் பொருத்திய கருவியே, கந்தக டை ஆக்சைடு வரம்பைப்போல் இருமடங்குக்கு மேல் போனதைப் பதிவுசெய்திருந்தது. மக்கள் மூச்சுத் திணறிய நேரமும் கருவி காட்டிய நேரமும் பொருந்தியதால்தான் புகாருக்குக் கால் முளைத்தது.

அதனால் மாசுக்குச் சாட்சியம் திரட்டும் இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு நோட்டைத்தான் கொடுப்பேன். நாற்றம் வந்தால் தேதி, மணி, இடம், காற்று வந்த திசை, யாருக்கு என்ன செய்தது என்று அப்போதே எழுத வேண்டும். ஆலை நகரத்துக்கு மேற்கே. கச்சான் அடித்தால் புகை ஊருக்குள் வரும் என்பது உப்பளத்து அக்காமாருக்குத் தெரியும். அவர்கள் சொன்னபடியே எழுதி, பக்கத்தில் மேற்கு என்று குறிக்கச் சொல்வேன். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்தார் 2004-லேயே நாற்றத்தைப் பதியவும் காற்றைப் பையில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பவும் பழகியவர்கள்.

அதைவிட வலுவான சாட்சி எதிர்த்தரப்பின் காகிதம். அனுமதி ஆணையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி, நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் களத்தில் சரிபார்க்க வேண்டும். 2018 ஏப்ரல் 9-ல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஸ்டெர்லைட்டின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தபோது சொன்ன காரணங்களில் இரண்டு: நிலத்தடி நீர் ஆய்வறிக்கை தரப்படவில்லை, உப்பாற்றங்கரையில் தாமிரக் கசடு கிடக்கிறது. அந்தக் கசடைச் சர்வே நம்பரோடு யாரும் படமெடுக்கலாம். புற்றுநோய் பற்றிக் கேட்கும்போது மட்டும் நான் நிதானிப்பேன். காரணத்தை நிறுவும் ஆய்வு கையில் இல்லாமல் அதைச் சொன்னால், நிரூபித்த மற்றவையும் சேர்ந்து அடிபடும். ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆய்வு காட்டிய சுவாசக் கோளாறுகளைச் சொன்னாலே போதும்.

2018 மே 22, ஆலையை மூடக் கோரிய போராட்டத்தின் நூறாவது நாள். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின. மே 23-ல் மூன்று மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் சாட்சியம் எடுப்பதுதான் இந்தத் தொழிலிலேயே கடினம். பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாவிடம் கேள்வித்தாளை நீட்டக் கூடாது. பேசும்வரை கூடவே இருந்து, பேசியதை அவர் வார்த்தையிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, ஒப்புக்கொண்ட பிறகே கையெழுத்து. குண்டு முன்னால் பட்டதா பின்னால் பட்டதா, சுடப்பட்டவர் எங்கே நின்றார் என்பதெல்லாம் பின்னாளில் முக்கியமான கேள்விகள் ஆகும். உடல்களைப் பாதுகாக்க உயர் நீதிமன்றம் உடனே உத்தரவிட்டது பெரிய காரியம். தப்பி ஓடியவர்கள்மீதும் போலீசார் சுட்டதை, இதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் எழுதியது. அந்த அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது.

துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் அரசு ஆலையை மூடியது சரியென்று உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 18-ல் சொன்னது. 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது. இனி மண்ணையும் கிணற்றையும் யார் சுத்தம் செய்வது என்ற வழக்காடல் வரும். அதற்குக் கிணற்று நீரின் அளவுகளை மழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் எடுத்து வைக்க வேண்டும், கூட்டம் கலைந்துவிட்ட இந்த அமைதியான ஆண்டுகளிலும்.